ஆப்பிரிக்கக் கிராம மடங்களின் பள்ளிகளுக்கு நெல்லையிலிருந்து உதவுவது எப்படி?

தென் தான்சானியாவின் முத்வாரா, லிண்டி வட்டாரங்களில் விளையும் முந்திரிக்கொட்டை கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து, நம் பக்கத்து ஆலைகளில் உடைபட்டுப் பருப்பாகிறது. அதே வட்டாரத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் துறவு மடம் ஒன்றுக்கு நாம் ஏதாவது செய்ய நினைத்தால் மட்டும், எதை, யாருக்கு, எந்த வழியாக அனுப்புவது என்று தெரியாமல் கை நின்றுவிடுகிறது. பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆப்பிரிக்காவில் பணியாற்றும் அருட்சகோதரியையோ குருவானவரையோ உறவாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் விடுமுறை முடிந்து புறப்படும்போது நான்கு சேலையும் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்புவதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த மனதைப் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடிய ஒழுங்கான உதவியாக மாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைத் தான்சானியாவிலிருந்து தருகிறேன். பள்ளி ஆண்டும் அறுவடைக் காலமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதைத் தவிர, மற்றவை கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், மடம் என்பது அங்கே என்னவாக இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். பெனடிக்டின் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையார் தென் தான்சானியாவில் 1898-இல் பெராமிஹோவிலும் 1906-இல் இண்டாண்டாவிலும் மடங்களை நிறுவினார்கள். 1957-இல் தொடங்கிய ஹங்கா மடம் ஆப்பிரிக்கத் துறவிகளுக்கென்றே உருவானது. பெராமிஹோவிலும் இண்டாண்டாவிலும் மருத்துவமனை, பள்ளி, அச்சகம், தொழிற்கூடம் என்று ஒரு சிற்றூரே மடத்தைச் சுற்றி எழுந்திருக்கிறது. சிபோலே என்னும் ஊரின் பெனடிக்டின் சகோதரிகள் ருவூமா ஆற்றில் துலிலா என்ற இடத்தில் 5 மெகாவாட் புனல் மின்நிலையம் அமைத்து, 2015 முதல் நாட்டின் மின் வாரியத்துக்கே மின்சாரம் விற்கிறார்கள். ஆகவே அவர்களைக் கையேந்தி நிற்பவர்களாக எண்ணிக்கொண்டு கடிதம் எழுதத் தொடங்குபவர், முதல் வரியிலேயே தவறான தொனியில் போய்விடுவார். விவசாயம், மாடு, தச்சுப்பட்டறை என்று தங்கள் உழைப்பால் ஈட்டுவதைக் கொண்டே அவர்கள் பள்ளியை நடத்துகிறார்கள். அந்த ஈட்டம் எட்டாத இடத்தில்தான் நம் உதவிக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பெனடிக்டின் துறவிகள் தாம் சேர்ந்த மடத்திலேயே ஆயுள் முழுதும் நிலைத்திருப்பதாக வாக்குக் கொடுப்பவர்கள். மூன்று ஆண்டுத் திட்டம் முடிந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும் தொண்டு நிறுவனத்துக்கும், நூறு ஆண்டுகளுக்கு மேல் அதே மணியை அடித்துக்கொண்டிருக்கும் மடத்துக்கும் உதவுகிற முறை ஒன்றாக இருக்க முடியாது. ஒரே தடவையில் ஐந்து லட்சம் கொடுத்துக் கட்டடத்தில் பெயர்ப்பலகை வைப்பதைவிட, ஆண்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் பத்து ஆண்டுகள் கொடுப்பது மடத்துக்கு மிகுதியாகப் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. நெல்லையப்பர் கோயிலில் ஒரு குடும்பம் இன்ன நாள் பூசைக்கு என்று கட்டளை எழுதி வைத்துத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருவதைப்போல, ஒரு பள்ளியின் ஒரு செலவை மட்டும் எடுத்துக்கொண்டு விடாமல் நடத்துங்கள்.

எந்தச் செலவை என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்; கேளுங்கள். மடத்தின் தலைவருக்கு நேரே எழுதுவதைவிட, மடத்துப் பொருளாளருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் சேர்த்து எழுதுவது நல்லது. கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், எத்தனை பேர் சேர்ந்து கொடுக்கிறீர்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ எவ்வளவு முடியும், எத்தனை ஆண்டுகள் முடியும் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, சென்ற ஆண்டு பள்ளிக்கு வந்த வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, பற்றாக்குறை எதில் விழுந்தது என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கட்டடம் என்றே பதில் வரும், "சென்ற ஆண்டு எந்தச் செலவைச் சமாளிக்கத் திணறினீர்கள்?" என்று கேட்டால் ஆசிரியர் சம்பளம், சோளம், விறகு, டீசல், கழிப்பறைக் குழி என்று உண்மையான பட்டியல் வரும். தொலைபேசியில் பேசுவதாக இருந்தால், அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதை நினைவில் வையுங்கள். அங்குள்ள சுவாகிலி மொழி வழக்கில் நாளின் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குவதால், காலை எட்டு மணியை இரண்டு மணி என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது என்றாலும், நேரம் குறிக்கும்போது எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு கேள்வி எழும். தான்சானியாவில் 2016 முதல் அரசுப் பள்ளிகளில் நான்காம் படிவம், அதாவது உயர்நிலையின் நான்காம் ஆண்டு வரை கட்டணம் இல்லை. பிறகு மடத்துப் பள்ளிக்கு எதற்குப் பணம்? மடத்துப் பள்ளி தனியார் பள்ளியாகவே கணக்கில் வருவதால், ஆசிரியர் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் கட்டணத்திலிருந்தும் நன்கொடையிலிருந்தும்தான் வர வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊர்களில், விடுதி இல்லையென்றால் முதலில் படிப்பை நிறுத்துவது பெண் பிள்ளைகள். தொடக்கப் பள்ளி வரை சுவாகிலி மொழியில் படித்த பிள்ளை, உயர்நிலையில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருப்பதும் அங்குள்ள பெரிய சுமை. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் முதலாண்டு திணறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே விடுதிச் சாப்பாடும், முதல் படிவ மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சியும் எந்தப் பள்ளியிலும் பணம் வீணாகாத இரண்டு இடங்கள்.

விடுதிச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் உகாலி. அதாவது வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டி, நம் கேழ்வரகுக் களியைப்போல் கெட்டியாக எடுப்பது. அதற்குத் தொட்டுக்கொள்ள வேகவைத்த பயறு, கொஞ்சம் கீரை. இதில் பணம் அனுப்புபவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலத்தில் நவம்பர், டிசம்பரில் தொடங்கும் மழை ஏப்ரலோடு நின்று, மே முதல் ஜூலை வரை சோளம் அறுவடையாகிறது. அப்போது விலை இறங்கும். ஜனவரி, பிப்ரவரியில், வீட்டுக் குதிர்கள் காலியாகும் நேரத்தில் ஏறும். பள்ளி ஆண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. கட்டணம் வந்த பிறகு சோளம் வாங்கலாம் என்று காத்திருக்கும் பள்ளி, ஆண்டிலேயே மிக விலையுயர்ந்த சோளத்தைத்தான் வாங்க நேரிடும். நீங்கள் அனுப்பும் தொகை ஜூன், ஜூலைக்குள் போய்ச் சேர்ந்தால், அதே பணத்துக்கு மூட்டைகள் கூடுதலாகக் கிடைக்கும். கார்த்திகையில் கொடுக்க நினைப்பதை வைகாசியிலேயே கொடுத்துவிடுவது, ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் உதவியைப் பெருக்கும் வழி.

வாங்கிய சோளத்தை வைத்திருக்கவும் வேண்டுமே. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து, 1980-களின் தொடக்கத்தில் தான்சானியாவில் கண்டறியப்பட்ட ஒரு வகைத் துளைப்பான் வண்டு, சேமித்த சோளத்தைச் சில மாதங்களில் மாவாக்கிவிடும். மூட்டையை அசைத்தால் அடியில் மாவு கொட்டும். மணியை எடுத்துப் பார்த்தால் ஊசி குத்தினாற்போல் வட்டத் துளைகள். இதற்கு மருந்து தூவுவதைவிட, காற்றுப்புகாத உள்ளுறை கொண்ட பைகளில் நன்கு உலர்த்திய சோளத்தைக் கட்டி வைப்பதே பாதுகாப்பானது. உள்ளே உயிர்க்காற்று தீர்ந்ததும் பூச்சி செத்துவிடுகிறது. இந்தப் பைகள் அந்நாட்டிலேயே கிடைக்கின்றன. பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித் தருவதைவிட, சோளக் கிடங்கின் தரையை மேடாக்கிப் பைகள் வாங்கிக் கொடுப்பது சில மடங்களில் அவசரத் தேவையாக இருக்கும். பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது, அவ்வளவுதான்.

பொருளாக அனுப்புவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கூடுமானவரை வேண்டாம். பழைய துணி அங்கே சந்தை சந்தையாகக் குவிந்து கிடக்கிறது. நம் பாடநூல்கள் அவர்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்தாதவை. மருந்து அனுப்புவதாக இருந்தால், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு அலமாரியில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுப்பது உதவியாகாது. கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, துறைமுகத்தில் கிடக்கும் நாட்களுக்கான வாடகை எல்லாம் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிடும். அதைக் கட்டுவது பெரும்பாலும் மடம்தான். நம் நாட்டுத் தயாரிப்பே சிறந்தது என்று தோன்றினாலும் அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். இந்திய ஆட்டோக்கள் அங்குள்ள தெருக்களில் ஓடுகின்றன, சுவாகிலியில் ஆட்டோவுக்கு 'பஜாஜி' என்றே பெயர். உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் எதற்கு அருகில் கிடைக்கிறார்களோ அந்தப் பொருளை வாங்குவதே புத்திசாலித்தனம்.

இனிப் பணம் அனுப்பும் வழி. இதில் கவனம் தேவை.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் இதில் அடங்கும். நம்மில் யாரும் அந்த வரம்பைத் தொடப்போவதில்லை. உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவுள்ள கிளை எது என்று கேளுங்கள்; எல்லாக் கிளைகளிலும் இது நடக்காது. பான் எண் கட்டாயம். ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு கேட்பார்கள். வெளிநாட்டுச் சமய, அறநிறுவனங்களுக்கான நன்கொடைக்கு உரியது எஸ்1303. தனிப்பட்ட அன்பளிப்புக்கான குறியீட்டைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அறநிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கான 80ஜி வரி விலக்கு, வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்த நன்கொடைக்குக் கிடையாது. ரசீது வந்தால் கோப்பில் வைக்கலாம், வரி குறையாது.

பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு மடத்தின் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். நம் சொந்தச் சித்தி அங்கே சகோதரியாக இருந்தாலும், அவருடைய தனிக் கணக்குக்கு அனுப்புவது அவருக்கே சங்கடத்தை உண்டாக்கும். துறவியர் எளிமை வாக்குக் கொடுத்தவர்கள்; பெனடிக்டின் அல்லாத சபையினரோ நாளை வேறு நாட்டுக்கு மாற்றலாகவும் கூடும். முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பி, எவ்வளவு கையில் சேர்ந்தது என்று எழுதிக் கேளுங்கள். இடைநிலை வங்கிகள் வழியில் கட்டணம் பிடிப்பதால், நாம் அனுப்பியதும் அவர்கள் பெறுவதும் ஒன்றாக இராது. கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைப் படிவத்தில் கேட்டு வாங்கலாம். மாதம் ஐயாயிரம் என்று பன்னிரண்டு தடவை அனுப்புவதைவிட, இங்கேயே சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை அனுப்புவது இந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். அறுவடைக் காலக் கணக்கோடும் அது ஒத்துப்போகிறது. கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். மடங்களின் பெயரால் நடக்கும் மோசடிகளில் இது பழைய தந்திரம்.

குழுவாகச் சேர்ந்து கொடுப்பவர்களுக்கு ஒரு முடிச்சு உண்டு. மேற்சொன்ன திட்டம் தனிநபருக்கு மட்டுமே; அறக்கட்டளை, கூட்டு நிறுவனம், இந்து கூட்டுக் குடும்பம் ஆகியவை அதைப் பயன்படுத்த முடியாது. அறக்கட்டளைப் பணம் நாட்டுக்கு வெளியே செலவானால் வருமான வரி விலக்கும் சிக்கலாகும். எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறுவதற்கான சட்டம். அதன்கீழ் பெற்ற பணத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க 2020-இன் திருத்தம் இடம் தரவில்லை. ஐம்பது பேரிடம் வசூலித்து ஒருவர் தம் பான் எண்ணில் அனுப்புவதும் சரியல்ல, ஏனென்றால் அது அவருடைய சொந்தப் பணமாகக் கணக்கில் ஏறும். ஆகவே சற்று வசதியுள்ள நாலைந்து பேர் தத்தம் பெயரில் நேரடியாக அனுப்புவதும், சிறு தொகை கொடுப்பவர்கள் தங்கள் பங்குக் கோயில் அல்லது துறவற சபையின் இந்திய மாகாணம் வழியாகக் கொடுப்பதும் நடைமுறைக்கு ஏற்றவை. முன்னதாகவே ஒரு பட்டயக் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு பழைய வழியும் உண்டு: திருப்பலிக் கருத்துகள், அதாவது இன்னாருக்காகத் திருப்பலி நிறைவேற்றுங்கள் என்று காணிக்கையோடு கேட்பது. பெரிய பங்குகளில் நிறைவேற்ற முடியாமல் மிஞ்சும் கருத்துகளைக் காணிக்கையோடு மறைபரப்பு நாட்டுக் குருக்களுக்கு மாற்றி அனுப்புவது திருச்சபைச் சட்டம் அனுமதிக்கும் வழக்கம். எத்தனையோ மடங்களுக்கு இது சத்தமில்லாத வருமானம். இறந்த பெற்றோரின் ஆண்டு நினைவுக்கு இப்படிக் கொடுக்க விரும்பினால், பங்குத்தந்தையிடம் சொன்னால் மறைமாவட்ட அலுவலகம் வழியாக ஏற்பாடு செய்வார்.

வசூலிக்கும் கலையை நெல்லைச் சீமைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சமைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்து, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கையில் வளர்ந்தவை இங்குள்ள சபைகள். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்தியப் பணத்தாலும் இந்திய ஆட்களாலும் மட்டுமே நடக்க வேண்டும் என்ற உறுதியோடு, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பியது. ஸ்தோத்திரப் பண்டிகையில் பொருட்களை ஏலம் விடும்போது பார்த்திருப்பீர்கள்: ஐம்பது ரூபாய் பெறாத பூசணிக்காயை ஒருவர் ஐந்நூறுக்கு எடுத்து, "திரும்பவும் ஏலத்துக்கே போடுங்க அண்ணாச்சி" என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போக, அடுத்தவர் அதை எழுநூறுக்குக் கேட்பார். அந்தப் பூசணிக்காயின் மூன்றாவது ஏலம் தென் தான்சானியப் பள்ளிக்கென்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் வேறு விளம்பரம் எதுவும் வேண்டாம். அறிவிக்கும்போதே எந்த வழியில் அனுப்பப்போகிறோம் என்பதையும் சொல்லி, போய்ச் சேர்ந்ததற்கான தாளை அடுத்த பண்டிகையில் வாசித்துக் காட்டுங்கள்.

தூரத்திலிருந்து வரும் பணம் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதும் நமக்குத் தெரியும். களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூர், மிஷனரி ரேனியஸ் ஐயருக்குப் பணம் அனுப்பிய பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கிலாந்தின் சாராள் தக்கர் அம்மையார் இந்தியாவில் கால் வைக்காமலேயே இங்குள்ள பெண் கல்விக்காக எழுதினார், நிதி சேர்த்தார். அந்தப் பணத்தால் நடந்தவற்றுள் நிலைத்தது எது என்று பாருங்கள்: உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியைகளாகப் பயிற்றுவித்தது. ஆப்பிரிக்க மடத்துக்கு உதவும்போதும் இதையே அளவுகோலாக வைக்கலாம். அந்த ஊர் இளைஞர் ஒருவரை ஆசிரியப் பயிற்சிக்கோ செவிலியர் படிப்புக்கோ மின்பணிப் பயிற்சிக்கோ மடம் அனுப்புமானால், அந்தப் படிப்புச் செலவை ஏற்பது மிக நல்ல முதலீடு.

பணமல்லாமல் உழைப்பைத் தர விரும்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் இடமுண்டு. தான்சானியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம், இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. நேரில் போவதென்றால் ஒரு பருவமாவது தங்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பத்து நாள் வந்து போகும் விருந்தினரை உபசரிப்பது மடத்துக்குத்தான் வேலை. தன்னார்வலருக்கு உரிய குடியிருப்பு அனுமதியை மடத்தின் வழியாகவே கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் எடுப்பது சட்ட மீறல். எத்தியோப்பியா, கென்யா வழியாகப் பயணம் அமைந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகுதான் அது செல்லும். நமக்கு அருகில் தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படும்முன்பே தொடங்க வேண்டும். போக முடியாதவர்கள், அங்குள்ள இளம் ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் இணையத்தில் துணை நிற்கலாம். மாணவருக்கு நேரடியாகப் பாடம் எடுப்பதைவிட, ஆசிரியரோடு சேர்ந்து அடுத்த வாரப் பாடத்தைத் தயாரிப்பதே, இணைப்பு நடுவில் அறுந்தாலும் பயன் தரும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'என் பிள்ளை' என்று ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, அவள் படமும் கடிதமும் வேண்டும் என்று கேட்பது, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் இன்னொரு பிள்ளையைக் கொடையாளி இல்லாதவளாக்குகிறது. பள்ளிக்கோ ஆண்டுக்கு நூறு கடிதம் எழுதவைக்கும் கூடுதல் வேலை. ஒரு வகுப்புக்கோ ஒரு நிதிக்கோ கொடுங்கள். முகம் தெரியும் படங்களைக் கேட்காதீர்கள், வந்தாலும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்ணின் படத்தை 'ஏழை மாணவி' என்ற தலைப்போடு முகம் தெரியாத ஊரில் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். கேட்க வேண்டியது ஆண்டுக்கு ஒரு முறை ஒரே பக்கக் கணக்கு: வந்தது எவ்வளவு, எதற்குச் செலவானது, மிச்சம் எங்கே இருக்கிறது. சோளத்துக்குக் கொடுத்ததைக் கூரைக்குச் செலவிட நேர்ந்திருந்தால், அதை மறைக்காமல் எழுதும் பொருளாளரை மெச்சுங்கள். அதற்காக உதவியை நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்தத்தான் வேண்டும் என்றால், முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கான ஆசிரியர்களையும் விடுதி இடங்களையும் மடம் அதற்கு முந்தைய நடு ஆண்டிலேயே முடிவு செய்யத் தொடங்கிவிடும் என்பதால், ஜூன் மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும்; முடியுமானால் கடைசி ஆண்டில் பாதித் தொகையாவது அனுப்பி, அவர்கள் வேறு வழி தேட அவகாசம் கொடுங்கள்.